கிளாஸ்ல நல்லா நடத்தணும்னா: கடலூர், பாண்டி பக்கத்து டீச்சருங்க திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள்

மஞ்சக்குப்பத்துல பயிற்சி நடந்தாலும் சரி, வடலூர் டயட்ல (மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம்) நடந்தாலும் சரி, மதிய சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல வந்து உக்காந்து கேக்கற சந்தேகங்க ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்கும். போன மாசம்தான் வேலைக்கு வந்தவங்க கேக்கறது, இருபது வருஷமா நடத்தறவங்க கேக்கறது, பாகூர் பக்கத்துலேர்ந்து போன் பண்ணி கேக்கறது எல்லாத்தையும் அவங்க கேட்ட மாதிரியே எழுதி கீழ பதில் போட்டிருக்கேன்.

வரிசையா படிச்சா நல்லது, முன்னாடி சொன்னத பின்னாடி திரும்ப எழுதல, அந்த பதிலப் பாருங்கன்னு மட்டும் சொல்லியிருப்பேன்.

1. டீச்சர், பி.எட் முடிச்சாச்சு, டெட்டும் பாஸ் பண்ணிட்டேன், ஆனா கிளாசுக்குள்ள போய் நின்னா ஒண்ணுமே வரமாட்டேங்குதே, எனக்கு மட்டும்தான் இப்படியா?

எல்லாருக்கும் இப்படித்தான். டெட்னா ஆசிரியர் தகுதித் தேர்வு, அதுல 150 கேள்வி, 150 மார்க், எல்லாம் நாலு விடையில ஒண்ண தேர்ந்தெடுக்கறது. உங்களுக்கு பாடம் தெரியுமா, குழந்தை உளவியல் படிச்சிருக்கீங்களான்னு அது சோதிக்கும். முப்பத்தஞ்சு பிள்ளைங்க முன்னாடி நிக்கறப்ப, ஒருத்தன் பென்சில் சீவறான், ஒருத்தி அழுவுறா, மூணு பேருக்கு நேத்து நடத்தினதே புரியல, அந்த நேரத்துல என்ன செய்யறதுன்னு எந்த பரிட்சையாலயும் சோதிக்க முடியாது.

பி.எட் ஒரு வருஷமா இருந்தத 2015லேர்ந்து ரெண்டு வருஷமா ஆக்கினதுக்கு ஒரு முக்கிய காரணமே இதுதான், பள்ளிக்கூடத்துல கத்துக்கற நேரம் பத்தலங்கறது. இப்ப இன்டர்ன்ஷிப் மட்டும் மொத்தம் 20 வாரம், முதல் வருஷம் 4, ரெண்டாவது வருஷம் 16. அந்த 16 வாரத்த ரெக்கார்டு நோட்டு எழுதியே கழிச்சவங்களுக்கும், ஒரு நல்ல டீச்சர் கிளாஸ்ல பின்னாடி பெஞ்சுல உக்காந்து பாத்தவங்களுக்கும் வித்தியாசம் நல்லாவே தெரியும். இப்ப படிச்சிட்டு இருக்கறவங்க தயவுசெஞ்சு அந்த நாளுங்கள வீணாக்காதீங்க.

2. ஒண்ணாவது ரெண்டாவதுக்குத்தான, அதுக்கு எதுக்கு தனியா படிப்பு? பி.எட் படிச்சவங்க நடத்தக் கூடாதா?

2023 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, 1 முதல் 5 வரைக்கும் நடத்த பி.எட் தகுதி ஆகாது, தொடக்கக் கல்வி பட்டயம் வேணும்னு. நம்ம ஊர்ல சின்ன கிளாசுக்கு இடைநிலை ஆசிரியர், பெரிய கிளாசுக்கு பட்டதாரி ஆசிரியர்னு முன்னாடியே பிரிச்சு வெச்சிருக்கறதும் இதுக்குத்தான், டெட்லயும் தாள் 1, தாள் 2ன்னு தனித்தனி.

சின்ன கிளாஸ்னா சுலபம்னு நினைக்கறது பெரிய தப்பு. ஒரு பிள்ளை 'கோ'வ பாத்து 'கே', 'கா'ன்னு தனித்தனியா படிக்குதுன்னா, எழுத்துக்கு ரெண்டு பக்கமும் வர்ற குறி சேர்ந்து ஒரே சத்தம்தான்னு அதுக்கு இன்னும் புரியலன்னு அர்த்தம். அதக் கண்டுபிடிச்சு சரி பண்றது பத்தாவதுக்கு முக்கோணவியல் நடத்தறத விட கஷ்டம்னுதான் நான் சொல்வேன்.

3. சர்வீஸ்ல இருக்கறவங்களும் டெட் எழுதணும்னு தீர்ப்பு வந்திருக்கே, அதுக்குப் படிச்சா நல்லா நடத்த வருமா?

உச்ச நீதிமன்றத்தோட 2025 செப்டம்பர் 1 தீர்ப்பத்தான் கேக்கறீங்க. ஓய்வு பெற 5 வருஷத்துக்கு மேல இருக்கறவங்க 2 வருஷத்துக்குள்ள பாஸ் பண்ணணும், அதுக்குக் கம்மியா இருக்கறவங்க வேலையில தொடரலாம், ஆனா பதவி உயர்வுக்கு டெட் வேணும்னு அதுல இருக்கு. அதுக்கு அப்புறம் வர்ற உத்தரவுங்கள உங்க சங்கத்துலயோ பி.இ.ஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ்லயோ கேட்டு தெரிஞ்சுக்குங்க, வாட்ஸ்ஆப்ல வர்றத நம்பி தூக்கத்த கெடுத்துக்காதீங்க.

நடத்த வருமான்னா, பாடத்த மறுபடி தொட்டுப் பாக்கறதுக்கு உதவும். அதுக்கு மேல ஒண்ணும் எதிர்பாக்காதீங்க, காரணம் முதல் பதில்லயே இருக்கு.

4. புது ஸ்கூல், புது கிளாஸ். முதல் வாரத்துல என்னதான் செய்யறது?

பாடத்த ஆரம்பிக்காதீங்க. முதல்ல பேரு. எல்லா பிள்ளை பேரையும் மூணு நாலு நாளைக்குள்ள மனப்பாடம் பண்ணிடுங்க, "ஏய் மூணாவது பெஞ்சு"ன்னு கூப்பிடற கிளாஸும் "கவிதா, நீ சொல்லும்மா"ன்னு கூப்பிடற கிளாஸும் ஒண்ணு கிடையாது.

அப்புறம் ஒவ்வொருத்தரையா பக்கத்துல கூப்பிட்டு நாலு வரி படிக்கச் சொல்லுங்க, ரெண்டு கணக்கு போடச் சொல்லுங்க. இத எட்டாவது கிளாசுக்கும் செய்யணும். யாருக்கு என்ன வருதுன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்குங்க, அதுக்கு மார்க் போட வேண்டாம், யாருகிட்டயும் காட்டவும் வேண்டாம். வீட்டுல என்ன சூழ்நிலைன்னும் மெதுவா தெரிஞ்சுக்குங்க, பண்ருட்டி பக்கம் முந்திரி சீசன்ல யாரு லீவு போடுவாங்க, தேவனாம்பட்டினத்துல யாரு வீட்டுல விடியக்காலையில மீன் எடுக்க எழுந்துக்கறாங்கன்னு தெரிஞ்சா, அந்தப் பிள்ளை பத்து மணிக்கு தூங்கறப்ப உங்களுக்கு கோவம் வராது.

5. பாடக்குறிப்பு தினமும் எழுதணும்னு சொல்றாங்க, யாரு படிக்கறா அத? சும்மா காப்பி பண்ணி எழுதினா போதாதா?

காப்பி பண்ணி எழுதறதுனா எழுதாமலே இருக்கலாம், கை வலிதான் மிச்சம். ஆபீஸுக்கு காட்டற குறிப்ப அவங்க கேக்கற வடிவத்துல எழுதுங்க, அத தவிர்க்க முடியாது. ஆனா உங்களுக்குன்னு அரைப் பக்கம் தனியா எழுதுங்க. இந்தப் பாடம் முடிஞ்சதும் பிள்ளைங்களால என்ன செய்ய முடியணும், எந்த இடத்துல அவங்க தடுக்கி விழுவாங்க, அவங்களுக்குப் புரிஞ்சுதான்னு தெரிஞ்சுக்க நான் கேக்கப் போற கேள்வி என்ன.

ரெண்டாவதுதான் உயிர். பின்னம் நடத்தப் போறீங்கன்னா, 1/4 பெருசா 1/3 பெருசான்னு கேட்டா கிளாஸ்ல பாதி பேரு 1/4ன்னுதான் சொல்லும், ஏன்னா 4 பெருசு 3 சின்னது. இது உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரெண்டு காகிதத் துண்டு மடிச்சு கையோட எடுத்துட்டுப் போவீங்க, தெரியலன்னா கிளாஸ்ல நின்னு "எத்தன தடவ சொல்றது"ன்னு கத்துவீங்க. பாடம் தெரியறது வேற, அந்தப் பாடத்துல பிள்ளைங்க எங்க குழம்புவாங்கன்னு தெரியறது வேற. லீ ஷுல்மன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1986லயே இத தெளிவா பிரிச்சுக் காட்டினார், ஆசிரியருக்கே உரிய அறிவுன்னா அது இந்த ரெண்டாவதுதான்.

6. "புரிஞ்சுதா"ன்னு கேட்டா எல்லாம் கோரஸா "புரிஞ்சுது டீச்சர்"ங்குது, டெஸ்ட் வெச்சா முட்டை. எங்க தப்பு?

"புரிஞ்சுதா"ங்கற கேள்வியிலதான். அதுக்கு "புரியல"ன்னு சொல்ற தைரியம் பெரியவங்களுக்கே கிடையாது, பயிற்சியில நம்மகிட்ட கருத்தாளர் கேட்டா நாமளும் தலையத்தான ஆட்டறோம். அதனால அந்த கேள்வியையே விட்டுடுங்க. அதுக்குப் பதிலா எதையாவது செய்யச் சொல்லுங்க. எல்லாரும் சிலேட்டுலயோ நோட்டோட கடைசி பக்கத்துலயோ விடை எழுதி ஒரே நேரத்துல தூக்கிக் காட்டட்டும், அரை நிமிஷத்துல கிளாஸ் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, கேள்வி கேட்டுட்டு நாம காத்திருக்கறதே இல்ல. மேரி பட் ரோவ்னு ஒரு அம்மா 1970கள்ல நிறைய வகுப்புங்கள ஒலிப்பதிவு பண்ணிப் பாத்தாங்க, டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டுதான் பொறுக்கறாங்க, அப்புறம் அவங்களே பதில் சொல்லிடறாங்க, இல்ல வேற ஆள கூப்பிட்டுடறாங்க. அத 3 செகண்டுக்கு மேல நீட்டினப்ப பதில் நீளமா வந்துச்சு, பேசாத பிள்ளைங்க பேச ஆரம்பிச்சாங்க, பிள்ளைங்களே கேள்வியும் கேட்டாங்க. மூணு செகண்டுதானேன்னு தோணும். கிளாஸ்ல நின்னு வாயத் திறக்காம மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணு எண்ணிப் பாருங்க, எவ்ளோ நேரம் மாதிரி இருக்கும்னு தெரியும். இதுக்கு காசு வேணாம், ஆணை வேணாம், நாளைக்கே செய்யலாம்.

கை தூக்கறவங்களையே கேக்கற பழக்கத்தையும் குறைச்சுக்குங்க. கேள்விய முதல்ல சொல்லுங்க, காத்திருங்க, அப்புறமா பேரச் சொல்லுங்க. பேர முதல்ல சொல்லிட்டா மத்தவங்க எல்லாரும் யோசிக்கறத நிறுத்திடுவாங்க.

7. தப்பா விடை சொன்னா உடனே திருத்திடணுமா, இல்ல விட்டுடணுமா?

விடவும் கூடாது, உடனே திருத்தவும் கூடாது. எப்படி வந்துச்சுன்னு கேளுங்க.

உதாரணத்துக்கு 52லேர்ந்து 27 கழிக்கச் சொல்றீங்க, ஒரு பையன் 35ன்னு எழுதறான். கவனக்குறைவுன்னு சிவப்பு மையில பெருக்கல் குறி போட்டா முடிஞ்சு போச்சு. "எப்படிடா போட்ட, சொல்லு"ன்னு கேட்டா, "7லேர்ந்து 2 போனா 5, 5லேர்ந்து 2 போனா 3"ம்பான். அவன் கவனமாத்தான் போட்டிருக்கான். பெருசுலேர்ந்துதான் சின்னதக் கழிக்க முடியும்னு யாரோ அவனுக்கு ஒண்ணாவதுல சொல்லிக் குடுத்திருக்காங்க, அத அவன் நேர்மையா இங்க செஞ்சிருக்கான். இவனுக்கு இன்னும் இருபது கணக்கு குடுத்தா இருபதும் இப்படியேதான் வரும்.

அவன் கையில ஈர்க்குச்சி குடுங்க. பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்ட 5 கட்டு, உதிரி 2. "எனக்கு 7 உதிரி குடு"ன்னு கேளுங்க. ரெண்டுதான இருக்குன்னு முழிப்பான், கொஞ்ச நேரம் பாத்துட்டு அவனே ஒரு கட்டப் பிரிப்பான். இப்ப உதிரி 12, அதுல 7 போனா 5. கட்டு 4, அதுல 2 போனா 2. இருபத்தஞ்சு. 'கடன் வாங்கறது'ன்னு கரும்பலகையில மேல சின்னதா 1 போடற வேல என்னன்னு அப்பத்தான் அவனுக்கு அர்த்தமாகும். ஒரு தப்பு விடை இவ்ளோ விஷயம் சொல்லுது, அதுக்குத்தான் தப்பு சொல்ற பிள்ளையப் பாத்து கிளாஸ் சிரிக்க விடாதீங்க, அவன் வாய மூடிட்டா உங்களுக்கு வழியே அடைஞ்சிடும்.

8. ஏழாவது வந்துட்டான், தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்கறான். இவனுக்கு ஏழாவது பாடம் நடத்தறதா, ஒண்ணாவது நடத்தறதா?

ரெண்டும்தான், வேற வழியில்ல. தினமும் ஒரு முக்கா மணி நேரம் அவனுக்கு எங்க நிக்கறானோ அங்கேர்ந்து வாசிப்பு, மத்த நேரம் ஏழாவது பாடத்துல காதால கேட்டு வாயால பேசி கலந்துக்கட்டும். படிக்க வரலன்னா யோசிக்க வராதுன்னு அர்த்தமில்ல, அறிவியல்ல அவன் கேக்கற கேள்விய கேட்டா அசந்து போவீங்க.

நம்ம மாநிலத்துல இதுக்கான முயற்சி புதுசில்ல. 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல செயல்வழிக் கற்றல் ஆரம்பிச்சாங்க, அட்ட, ஏணிப்படின்னு அவனவன் வேகத்துக்கு மேல போகலாம், அப்புறம் மாநிலம் முழுக்க வந்துச்சு. கொரோனாவுக்கு அப்புறம் 2022ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது, அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு. வயச வெச்சு இல்லாம நிலைய வெச்சு குழு பிரிக்கறது நல்ல வழின்னு நான் மனசார நம்பறேன். ஆனா ஒரு எச்சரிக்கை: அரும்புல போட்ட பிள்ளை வருஷம் முழுக்க அரும்புலயே உக்காந்திருந்தா அது குழு இல்ல, முத்திரை. மாசத்துக்கு ஒரு தடவயாவது மறுபடி படிக்க வெச்சுப் பாத்து மாத்துங்க. பெரிய கிளாஸ் பையனுக்கு ஒண்ணாவது புத்தகத்த கையில குடுக்காதீங்க, கூசிப் போவான். அவன் வயசுக்கு ஏத்த விஷயம், சின்ன வாக்கியம், அப்படி நீங்களே நாலு வரி எழுதிக் குடுங்க, கிரிக்கெட் பத்தி, சில்வர் பீச் பத்தி.

9. எங்க ஸ்கூல்ல ரெண்டே டீச்சர், அஞ்சு கிளாஸ். இதெல்லாம் எப்படிங்க செய்ய முடியும்?

இதுக்கு வருத்தத்தோடதான் பதில் எழுதறேன். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர்னு கணக்கு வெச்சிருக்கு, அறுபது பிள்ளை வரைக்கும் ரெண்டு பேருதான். எண்ணிக்கைப்படி சரி, வேலைப்படி அஞ்சு கிளாஸ் அஞ்சு கிளாஸ்தான்.

அஞ்சு தனி வகுப்பா நடத்தப் பாத்தா ரெண்டு பேரும் ஓய்ஞ்சு போவீங்க. 8ல சொன்ன மாதிரி நிலைய வெச்சு குழு பிரிச்சா அஞ்சு கிளாஸ் மூணு குழு ஆயிடும். ஒரு குழுவோட நீங்க உக்காருங்க, இன்னொண்ணு எழுதற வேல, இன்னொண்ணுல நாலாவது பிள்ளை ரெண்டாவது பிள்ளைக்கு கதை படிச்சுக் காட்டட்டும். கதை, பாட்டு, சூழ்நிலையியல் எல்லாம் மொத்தமா சேர்த்தே நடத்தலாம், கேள்விய மட்டும் மாத்துங்க. ஒருத்தர் லீவு போட்டா என்னன்னு ஒரு நாள் வேலைய தயாரா பீரோவுல வெச்சிருங்க.

10. பயிற்சி பயிற்சின்னு கூப்பிடறாங்க, போய் உக்காந்துட்டு வர்றோம், கிளாஸ்ல ஒண்ணும் மாறலையே. ஏட்டுச் சுரைக்காய் தானா எல்லாம்?

பயிற்சி எல்லாமே வீண்னு சொல்ல மாட்டேன். அதுல ஒரு கோளாறு இருக்கு, அதப் புரிஞ்சுக்குங்க. சென்னையில மாநிலக் கருத்தாளருக்கு சொல்லுவாங்க, அவங்க மாவட்டத்துக்கு, அவங்க வட்டாரத்துக்கு, அங்கேர்ந்து நமக்கு. மேல நாலு நாள் செஞ்சு பாத்தது கீழ வர்றப்ப ஒரு நாள் பி.பி.டி ஆயிடுது. செஞ்சு பாக்கற பகுதிதான் முதல்ல வெட்டுப்படும், பேச்சு மட்டும் மிஞ்சும்.

அமெரிக்காவுல ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ்னு ரெண்டு பேரு 1980கள்ல இதையேதான் ஆராய்ச்சி பண்ணாங்க. விளக்கிச் சொன்னா டீச்சருக்குப் புரியுது, செஞ்சு காட்டி செய்ய வெச்சா பயிற்சி அறையில செய்ய வருது, ஆனா சொந்த கிளாஸுக்குள்ள அது போகணும்னா அங்க கூட வந்து நின்னு பாத்துப் பேசற ஆள் வேணும்னாங்க. நம்ம கிட்ட அதுக்கான ஏற்பாடு காகிதத்துல அழகா இருக்கு. 1986 தேசியக் கல்விக் கொள்கையில வந்ததுதான் டயட், நம்ம மாவட்டத்துக்கு வடலூர். அதுக்குக் கீழ வட்டார வள மையம், குறுவள மையம் (சி.ஆர்.சி), ஆசிரியர் பயிற்றுநர். பயிற்றுநர் வேலையே பள்ளிக்கு வந்து கூட உக்காரறதுதான். அவங்களையும் புள்ளிவிவரம் சேக்கறதுக்கு ஓட விட்டா யாரு வந்து உக்காருவா, சொல்லுங்க.

அதுவரைக்கும் உங்களால முடிஞ்சது: சி.ஆர்.சி கூட்டத்துக்குப் போறப்ப உங்க பிள்ளைங்க நோட்டு நாலு எடுத்துட்டுப் போங்க. "இந்தத் தப்பு ஏன் வருது, உங்க ஸ்கூல்ல என்ன பண்றீங்க"ன்னு பக்கத்துல இருக்கறவங்கள கேளுங்க. திரும்பி வர்றப்ப ஒரே ஒரு விஷயத்த எடுத்துட்டு வந்து ஒரு மாசம் செஞ்சு பாருங்க, பத்து வேண்டாம்.

11. கூட உக்காந்து பாக்கறதுன்னா என்ன செய்வாங்க? தப்பு கண்டுபிடிக்கறதுதானே?

அப்படி பாக்கறவங்களும் இருக்காங்க, அதனாலதான் எல்லாருக்கும் பயம். சரியா பாக்கறவங்க டீச்சரப் பாக்க மாட்டாங்க, பிள்ளைங்களப் பாப்பாங்க. முன்னாடியே கேட்டுடுவாங்க, "இன்னிக்கு நான் எதப் பாக்கணும்னு நினைக்கறீங்க"ன்னு. நீங்க "எல்லாரும் பேசறாங்களான்னு பாருங்க"ன்னு சொன்னா, உக்காந்திருக்கற வரிசைய ஒரு தாள்ல கட்டம் கட்டமா போட்டு, யாரு வாயத் திறக்கறாங்களோ அந்தக் கட்டத்துல ஒரு கோடு.

முடிஞ்சதும் அந்தத் தாள உங்க முன்னாடி வெப்பாங்க, பேச வேண்டியதே இல்ல. முன்வரிசை கட்டத்துல கோடு கோடா இருக்கும், ஜன்னலோர கடைசி பெஞ்சுல மூணு கட்டம் வெள்ளையா இருக்கும். "ஐயோ, அந்தப் பொண்ணுங்க பேசவே இல்லையா"ன்னு நீங்களே சொல்லுவீங்க. அப்ப அவங்க கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், "நாளைக்கு என்ன செஞ்சு பாக்கலாம்?" 6ல சொன்ன சிலேட்டையோ, பேர கடைசியில சொல்றதையோ செஞ்சு பாப்போம்னு முடிவு பண்ணி, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி அதே தாள். நல்லா இருக்கு, சுமார்னு மதிப்பெண் போடற வேலையே இதுல இல்ல.

12. ஆண்டாய்வுக்கு வர்றவங்க கிட்டயே இதக் கேட்டுக்கலாமே?

வேணாம். ஆய்வு பண்றவங்க முன்னாடி யாரும் தெரியாதத செஞ்சு பாக்க மாட்டாங்க, நல்லா வர்ற பாடத்தத்தான் நடத்திக் காட்டுவாங்க, பிள்ளைங்களும் உங்களுக்காக நல்லா நடிக்கும். கத்துக்கறதுக்கு தடுமாற இடம் வேணும். ஆய்வும் தேவைதான், ஆனா அதே ஆளு அதே நாள்ல ரெண்டையும் செய்யக் கூடாது.

13. எங்க ஸ்கூலுக்கு யாருமே வரமாட்டாங்க. அப்ப நாங்க என்ன பண்றது?

உங்களுக்குள்ளயே பண்ணுங்க. ஜப்பான்ல நூறு வருஷத்துக்கும் மேல ஒரு பழக்கம் இருக்கு, மூணு நாலு ஆசிரியருங்க சேர்ந்து ஒரே ஒரு பாடத்த திட்டம் போடுவாங்க, ஒருத்தர் நடத்துவார், மத்தவங்க பிள்ளைங்கள கவனிச்சு எழுதுவாங்க, அப்புறம் உக்காந்து பாடத்த மாத்துவாங்க. திட்டம் எல்லாரோடதுங்கறதால நடத்தினவர் மேல குறை வராது, பாடத்து மேலதான் பேச்சு போகும்.

வருஷத்துக்கு ரெண்டு பாடம் இப்படி செஞ்சாலே பெரிய விஷயம். எந்தப் பாடம்னு யோசிக்க வேணாம், வருஷா வருஷம் பிள்ளைங்க உதைபடற பாடம் எதுன்னு உங்களுக்கே தெரியும்.

14. நான் எச்.எம். நேரமே இல்ல, எமிஸ் செயலியில விவரம் ஏத்தறது ஒரு பக்கம், மீட்டிங் ஒரு பக்கம். டீச்சருங்களுக்கு நான் என்ன உதவி செய்ய முடியும்?

மூணு செய்யலாம். வாரத்துல ஒரு பீரியட் நீங்க அந்த கிளாஸ எடுத்துக்குங்க, அந்த டீச்சர் போய் பக்கத்து கிளாஸ பாக்கட்டும். ஆசிரியர் கூட்டத்துல முதல் இருபது நிமிஷம் அறிவிப்பு எதுவும் படிக்காம ஒரு பிள்ளையோட நோட்ட நடுவுல வெச்சுப் பேசுங்க. பாடம் நடக்கறப்ப, "இந்த டீடெயில் உடனே வேணும்"னு யாரையும் கிளாஸ்லேர்ந்து வெளிய கூப்பிடாதீங்க, செயலி வேலைக்கு பள்ளி முடியற நேரத்துல ஒரு அரை மணி ஒதுக்கி அதுலயே எல்லாத்தையும் போடச் சொல்லுங்க. மேலேர்ந்து திட்டு வந்தா நீங்க வாங்கிக்குங்க, அந்த ஒரு குணத்துக்காகவே உங்க ஸ்டாஃப் உங்களுக்காக உசுரக் குடுத்து வேல செய்வாங்க.

15. கையில பிரம்பு இருந்தாத்தான் அடங்குவாங்க, இப்ப அதுவும் கூடாதுங்கறாங்க. எப்படித்தான் சமாளிக்கறது?

கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17 அடிக்கறதையும் மனசு நோகப் பேசறதையும் தடை பண்ணியிருக்கு. சட்டம் இல்லாட்டியும் என் பதில் மாறாது. அடி வாங்கின பிள்ளை அமைதியா இருக்கும், ஆனா அந்த அமைதியில படிப்பு கிடையாது, பயந்த பிள்ளை தப்பு விடையையும் மறைக்கும், 7ல சொன்னது எல்லாம் போச்சு.

பெரும்பாலான சத்தம் ரெண்டு காரணத்தால வரும். ஒண்ணு, செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு, குடுத்தது புரியல. நீங்க கரும்பலகையில திரும்பி எழுதற நேரம், நோட்டு திருத்தற நேரம், பீரியட் மாறற நேரம், இந்த மூணுலதான் கிளாஸ் கலையும். அந்த நேரத்துக்கு பிள்ளைங்க கையில வேல இருக்கணும். அதுக்கப்புறமும் ஒருத்தன் தொல்ல பண்ணா கிளாஸ் முன்னாடி வெச்சுப் பேசாதீங்க, மதியம் தனியா பக்கத்துல உக்கார வெச்சு சாப்ட்டியான்னு கேட்டு ஆரம்பிங்க.

16. நாங்க பாண்டி. திடீர்னு சி.பி.எஸ்.இ ஆயிடுச்சு, புக் பூரா இங்கிலீஷ், பிள்ளைங்களுக்கும் புரியல, சொன்னா வெக்கம், எங்களுக்கே தடுமாறுது. என்ன செய்ய?

இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. புதுச்சேரி, காரைக்கால்ல காலங்காலமா தமிழ்நாட்டு பாடத்திட்டம்தான், 2023-24லேர்ந்து அரசுப் பள்ளி மேல் வகுப்புங்க மாறினப்ப டீச்சருங்களும் பிள்ளைங்களோட சேர்ந்தே புதுசா கத்துக்க வேண்டியதா போச்சு, 2025ல முதல் செட்டு பொதுத்தேர்வும் எழுதிட்டாங்க.

கருத்த முதல்ல தமிழ்ல புரிய வையுங்க, யாரு என்ன சொன்னாலும் சரி. ஒளிச்சேர்க்கைன்னா என்னன்னு தமிழ்ல புரிஞ்ச பிள்ளைக்கு ஃபோட்டோசிந்தசிஸ்ங்கறது ஒரு பேருதான், புரியாத பிள்ளைக்கு அது ரெண்டு சுமை. அப்புறம் ஒரு பாடத்துக்கு பத்து வார்த்தை எடுத்து சுவத்துல ஒட்டுங்க, தமிழ்ல பேசறப்பவே அந்த வார்த்தைங்கள மட்டும் இங்கிலீஷ்ல போட்டுப் பேசுங்க, அப்புறம் சின்ன சின்ன வாக்கியம். அந்த புத்தகங்கள்ல செஞ்சு பாக்கற வேலைங்க நிறைய இருக்கு, நேரமில்லன்னு அதத் தாண்டிப் போயிட்டு கேள்வி பதில மட்டும் மனப்பாடம் பண்ண வெச்சா புத்தகம் மாறினதுக்கே அர்த்தமில்ல. புதுச்சேரியில அஸிம் பிரேம்ஜி ஃபவுண்டேஷன் ஆளுங்க அரசுப் பள்ளி ஆசிரியருங்களோட சேர்ந்து வேல செய்யறாங்க, அவங்க நடத்தற ஆசிரியர் சந்திப்புக்கு போய்ப் பாருங்க.

17. நவம்பர் டிசம்பர்ல மழை லீவு, அப்புறம் "போர்ஷன் முடிங்க"ன்னு அவசரம். எதத் தியாகம் பண்றது?

கடலூர்ல இது எல்லா வருஷமும் வர்ற கதை. 2011 டிசம்பர்ல தானே புயல், 2015 வெள்ளம், 2024ல ஃபெஞ்சல், பள்ளிக்கூடமே முகாமா மாறினதெல்லாம் பாத்துட்டோம். ஆகையால ஜூன்லயே கணக்கு போட்டுக்குங்க, மழைக்கு ரெண்டு வாரம் போகும்னு நினைச்சே வருஷத் திட்டம் எழுதுங்க. பாடங்கள்ல எது அடுத்த வருஷத்துக்கு அஸ்திவாரமோ (பின்னம், இடமதிப்பு, வாசிச்சுப் புரிஞ்சுக்கறது) அத மழைக்கு முன்னாடி நகர்த்துங்க, தனியா நிக்கற பாடத்த பின்னாடி வையுங்க.

வெள்ளம் வீட்டுக்குள்ள வந்து நோட்டு புத்தகம் நனைஞ்ச பிள்ளை திரும்பி வர்ற முதல் நாள் பாடம் எடுக்காதீங்க. பேச விடுங்க, வரைய விடுங்க.

18. சாட்ஜிபிடி கிட்ட பாடக்குறிப்பு வாங்கிக்கலாமா? மணற்கேணி, தீக்ஷா இதெல்லாம் பாத்தா போதுமா?

மணற்கேணி, தீக்ஷாங்கற அந்த அரசு செயலிங்கள பாருங்க, நல்ல வீடியோ இருக்கு, உங்களுக்கு தெளிவில்லாத பாடத்துக்கு ரொம்ப உதவும். ஆனா 7ல சொன்ன பையன் மாதிரி உங்க கிளாஸ்ல யாரு 35ன்னு எழுதுவான்னு எந்த செயலிக்கும் தெரியாது. அதனால 5ல சொன்ன அந்த அரைப் பக்கம் உங்க கையெழுத்துலதான் இருக்கணும். பத்து நிமிஷ வீடியோ போட்டா நடுவுல ரெண்டு இடத்துல நிறுத்தி கேள்வி கேளுங்க.

19. ரிசல்ட் நூறு சதவீதம் காட்டறேன். அப்ப நல்லா நடத்தறேன்னு தானே அர்த்தம்?

இருக்கலாம். ஆனா முக்கிய வினா மட்டும் படிக்க வெச்சும் அந்த நூறு வரும், அத நாம எல்லாரும் பாத்திருக்கோம். வேற ரெண்டு அளவும் வெச்சுக்குங்க. பாடம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு முன்னறிவிப்பு இல்லாம அதுலேர்ந்து ஒரு கேள்விய வேற மாதிரி கேளுங்க, எத்தன பேருக்கு வருதுன்னு பாருங்க. அப்புறம் 4ல எழுதின நோட்ட எடுத்து, கடைசியில இருந்த அஞ்சு பேரு இப்ப எங்க நிக்கறாங்கன்னு பாருங்க. முதல் அஞ்சு பேரு நாம இல்லாட்டியும் படிச்சிருப்பாங்க.

20. நான் சீனியர். புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு, கிளாஸ்ல கஷ்டப்படுது, சாயங்காலம் கண்ணு கலங்கியிருக்கு. நான் போய் சொன்னா அட்வைஸ் பண்றாங்கன்னு நினைச்சுக்குமோன்னு தயக்கம். எப்படி உதவறது?

இந்தக் கேள்விய நீங்க கேட்டதே எனக்கு அவ்ளோ சந்தோஷம். அந்தப் பொண்ணு கிளாசுக்கு நீங்க போறதுக்கு முன்னாடி உங்க கிளாசுக்கு அவங்கள கூப்பிடுங்க. "இந்த ரெண்டு பசங்க நான் சொல்றத கவனிக்கற மாதிரியே தெரியல, நீ பின்னாடி உக்காந்து அவங்க என்ன பண்றாங்கன்னு மட்டும் பாத்து சொல்லும்மா"ன்னு கேளுங்க. நிஜமாவே தேவையான உதவியா கேளுங்க, சும்மா சாக்குக்கு இல்ல. அவங்க சொன்னத வெச்சு மறுநாள் ஏதாவது மாத்தியும் பாருங்க. அதுக்கப்புறம் அவங்களே கூப்பிடுவாங்க, "அக்கா, என் கிளாசுக்கும் ஒரு நாள் வாங்களேன்"னு.

போனா 11ல சொன்ன தாளோட போங்க. ஒரு நாளைக்கு ஒரு விஷயம் மட்டும் பேசுங்க. நல்லா நடந்த ஒண்ண குறிப்பா சொல்லுங்க, "நல்லா இருந்துச்சு"ன்னு பொதுவா வேணாம், "அந்தப் பையன் திக்கினப்ப நீ பொறுத்துட்டு நின்னியே, அவன் முழுசா சொல்லி முடிச்சான்"ன்னு. அந்த கிளாஸ்ல பாத்தத எச்.எம் கிட்டயோ ஸ்டாஃப் ரூம்லயோ எக்காரணம் கொண்டும் பேசாதீங்க.